கண்ணுசாமிக்கு ஏற்ற குண்டு

1

இந்தக் கதை எனக்கு வெல்லத்தோடு வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெல்லத்தை வீட்டில் பிரித்தபோது, சுற்றியிருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் துண்டில் ஒரு தலைப்பைப் பார்த்தேன்: 'மெதுவாக எறிகிறவர் எந்தக் குண்டை எடுக்க வேண்டும்?' பலகைத் தரையில் மரக்குண்டை உருட்டி, கோடியில் நிற்கும் ஒன்பது கட்டைகளைச் சாய்க்கிற வெள்ளைக்காரர் விளையாட்டைப் பற்றிய யோசனை அது. கேள்வி முழுதாக இருந்தது. பதில் கிழிந்துபோயிருந்தது. மீதி யார் வீட்டுப் புளியோடு போயிற்றோ!

"சேலத்துக்காரனுக்கும் குண்டு உருட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? கிணறு, ஏர், மாமியார் என்று எழுதுமே" என்றார் பத்திரிகை நடத்தும் நண்பர். அதற்காகவே எழுதுகிறேன். இது 1937. எதை எழுதக்கூடாது என்று சொல்ல எனக்குச் சர்க்கார் இருக்கிறது. நண்பர்கள் வேறு வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: 'சேலத்துக்கு அருகே வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கத்தின்மேல் கதிரவன் தன் பொற்கிரணங்களை—'

அடித்துவிட்டேன். வெள்ளைக்கல் வெட்டுகிற இடத்தில் எவனும் வெயிலை வர்ணிக்க மாட்டான். கண் கூசும், அவ்வளவுதான்.

இரண்டாவது: 'பாவப்பட்ட கண்ணுசாமி—'

இதையும் அடித்தேன். அடித்தும் அந்தப் புத்தி என்னை விடவில்லை என்பதைச் சீக்கிரம் பார்ப்பீர்கள்.

மூன்றாவது நிற்கிறது: சுரங்கத்தில் கண்ணுசாமியின் வலது தோள்மேல் கல் சரிந்தது. எலும்பு கூடிவிட்டது. கை எழும்புகிறது, ஆனால் மெதுவாக. அவன் மெதுவாகவே கல் வெட்டினான். சாயங்காலம் பார்த்தால் அவன் குவியல் மற்றவர்களுடையதற்குக் குறைந்திருக்காது. மானேஜர் துரை குவியலைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

(சுரங்கம், துரை, இனி வரப்போகும் வெள்ளைக்காரர் கிளப் எல்லாம் என் கற்பனை. 'எங்களையா சொல்கிறீர்?' என்று எந்தக் கம்பெனியாவது கேட்டால் அது அவர்கள் மனசாட்சியின் பாடு.)

கிறிஸ்துமஸ் அன்று கிளப் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கண்ணுசாமியும் அவன் மனைவி உண்ணாமலையும் வரிசையில் வந்தபோது, துரை குண்டு உருட்டும் கொட்டகையைக் காட்டி விருந்தாளிகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மேஸ்திரி சென்னிமலை அதைத் தமிழாக்கினார்.

"கண்ணுசாமி, அங்க மூணு குண்டு இருக்குது. புடிச்சதை எடுத்து ஒரே ஒருக்கா உருட்டோணுமாம். ஒம்போது கட்டையும் சாஞ்சா உனக்கு வேலை இருக்குது. இல்லீன்னா நாளையிலிருந்து வர வேண்டாமாம்."

துரைசானிகள் கை தட்டினார்கள்.

3

இனி என் பொறுப்பு. மூன்றில் எது? பத்திரிகைத் துண்டு கைவிட்டுவிட்டது. எழுதுகிறவன் நான்தானே, நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நொந்த தோளாயிற்றே என்று சின்னதைக் கொடுத்தேன். கண்ணுசாமி உருட்டினான். குண்டு ஆடி அசைந்து போய் முதல் கட்டையில் முட்டி, தானே மிரண்டு ஓரப் பள்ளத்தில் இறங்கியது. மிச்சக் கட்டைகள் அப்படியே நின்றன. அப்போது உண்ணாமலை துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதை நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க?"

"கை வலிக்குமே என்று…"

"பாவம் பாத்தீங்களாக்கும்? போறதே மெதுவா. அதுல எடையும் இல்லீன்னா அது எதைங்க சாய்க்கும்?"

தாளைக் கிழித்தேன். எனக்குச் சுருக்கென்றது, அந்தக் கோபத்தில் பெரிய குண்டைக் கொடுத்தேன். வீரம் வேண்டுமென்றால் இதோ வீரம்! கண்ணுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். தோளில் ஏதோ சொடுக்கியது. குண்டு அவன் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது.

"இப்ப ரோசம் பாக்கறீங்க" என்றாள் உண்ணாமலை. "உங்க பாவமும் வேண்டாம், உங்க ரோசமும் வேண்டாம். அவரு கை எப்படிப் போவுதுன்னு ஒருக்காப் பாருங்க."

இந்தத் தாளையும் கிழித்துவிட்டுப் பார்த்தேன். கை மெதுவாகப் பின்னால் போனது, மெதுவாக முன்னால் வந்தது. நடுவில் எங்கும் நடுங்கவில்லை. இத்தனை பக்கம் எழுதியும் அதை நான் கவனிக்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

கண்ணுசாமி முதல்முறையாக வாயைத் திறந்தான். "எனக்கு வேகந்தானுங்க இல்லை. குறி இருக்குது."

மூன்றாவது குண்டு நடுத்தர எடை, பழசு, பல கை பட்டு வழவழத்தது. உண்ணாமலை அதை முந்தானையால் பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள்.*

*கிழிந்துபோன பதில் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கை நோகாமல் தூக்கக்கூடியதில் கனமானது, ஆனால் வழவழப்பானது. வேகமாகப் போகிற குண்டு தரையை மதிக்காது. மெதுவாகப் போகிறதைத் தரை பிடித்துவைத்துப் பேசும். சொரசொரப்பாக இருந்தால் ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். யோசனைக்காக மட்டும் படித்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

(இங்கே கண்ணுசாமியின் பால்யம் இருந்தது. எடுத்துவிட்டேன். வேலை கேட்கிறவன் எதற்காகத் தன் பால்யத்தைக் காட்ட வேண்டும்?)

5

உருட்டிவிட்டான். குண்டு நேராகப் போகிறது. எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு துரைசானி தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள், இன்னும் போகிறது. சிரிப்பு நின்றுவிட்டது. துரையின் சுருட்டு அணைந்துவிட்டது. ஒரு கூலிக்காரனுக்காக அவர் இப்படிக் காத்து நின்றது இதுதான் முதல் தடவை. எனக்கு அதில் பரம சந்தோஷம்.

"வாங்க மாமா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் உண்ணாமலை.

"இன்னும் போயிட்டிருக்குதே."

"போவட்டும். பாக்கோணும்னு ஆசைப்பட்டவங்க பாக்கட்டும்."

இருவரும் எல்லாருக்கும் முதுகைக் காட்டி நடந்தார்கள். "ஏப்பா, நில்லுப்பா!" என்று சென்னிமலை கத்தினார். நிற்கவில்லை.

6

முடிவுகள் எழுதாமல் இல்லை. ஒன்றில் ஒன்பதும் சாய்ந்தன. கைதட்டலை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது: துரை வைத்த பரீட்சை நியாயம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிற்று. இன்னொன்றில் ஒரே ஒரு கட்டை மட்டும் நின்றது. நீங்கள் கண்ணீர் விடுவீர்கள், எனக்குப் பேர் வரும், கண்ணுசாமி வீட்டில் அடுப்பு எரியாது. மூன்றாவதில் குண்டு கடைசிக் கட்டையைத் தொட்டு—

முடியாது. கல் வெட்டத் தெரிந்தவன் கல் வெட்டலாமா என்பதை ஒரு மரக்கட்டை தீர்மானிக்க நான் விடமாட்டேன். அந்தக் கட்டைகளை நான் பார்க்கப்போவதில்லை.

மறுநாள் காலை. சுரங்கத்தில் சங்கு ஊதுகிறது. கண்ணுசாமி சம்மட்டியோடு வாசலுக்கு வருகிறான், பக்கத்தில் உண்ணாமலை. துரையை அடித்துவிட்டேன், பேனாவால்தான். மேஸ்திரியையும் அடித்துவிட்டேன். கதவுக்கு உள்பக்கம் சாவியோடு நிற்பது நீங்கள்தான், வாசகரே.

"கதவைத் தொறங்க, நேரமாவுது" என்கிறான் கண்ணுசாமி.

கட்டைகள் சாய்ந்தனவா என்று அவனைக் கேட்கப்போகிறீர்களா?