மூன்றும் எட்டும்

உயர்ந்த மாடங்களின் நிழல் மெல்ல நீண்டு, விற்போரும் கொள்வோரும் நெருங்கிய கடைத்தெரு கடல்போல் ஒலித்த பிற்பகற் பொழுதில், சுவர்தோறும் பசையின் ஈரம் உலராது மின்னிய புதிய தாள்களின்முன் மக்கள் நின்று நின்று சென்றனர். கொடியெனச் சுருண்டும் தோகையென விரிந்தும் அத்தாள்களில் தழைத்திருந்த எழுத்துகளை வடித்தவள், அக்கூட்டத்தின் நடுவே கால் பெயராது நின்றாள்.

நயமறிந்தோரே, அவள் அச்செழுத்து வரைபவள். பாட்டன் காலத்துத் தேயிலைப் பெட்டிகளிலும் களியாட்டுக் கூடார முகப்புகளிலும் உள்ளம் பறிகொடுத்து, ஈராண்டு முயன்று அவ்வெழுத்துக் குடும்பத்தை ஆக்கினாள். நுனிதோறும் சுருளும் இடைதோறும் இலையும் பூண்டு, தொலைவில் வருவோரைக் கைதட்டி அழைக்கும் இயல்பினது அது. கடைப்பெயர் போல் ஒருசொல், மிஞ்சினால் இருசொல் தாங்கும். மேலும் ஏற்றினால் அழகே கண்ணை மறைத்துவிடும்.

அவ்வெழுத்தில்தான் 'காணவில்லை' என்றிருந்தது. நினைவு மங்கிய தந்தை முந்தைய நாட்காலையில் வீட்டைவிட்டுப் போனவர் மீளாமையால், அச்சகம் நடத்தும் தமையன் ஊணும் மறந்து ஓடியோடி அத்தாளை அச்சிட்டு விடியல் முதல் நகரெங்கும் ஒட்டிவந்தான். தெருத்தெருவாய்த் தேடி அலைந்தவள் அதன் அடியிலிருந்த தொலைபேசி எண்ணை விரலால் தொட்டுப் படித்தாள். இருமுனைகளும் உட்சுருண்டு இடையைத் தொட, மூன்று எட்டாகவே தோன்றியது.

பசை வாளியோடு வந்த தமையனை மறித்தாள். "அண்ணா, நம்பரைக்கூடவா இதுல போட்டே? மூணு, எட்டு மாதிரி இருக்கே!"

"உன் எழுத்துன்னா எல்லாரும் நின்னு பார்ப்பாங்கன்னுதாம்மா போட்டேன்." அவன் தாளை உற்று நோக்கினான். "எனக்கு மூணாத்தான் தெரிஞ்சுது. நம்ம நம்பராச்சே."

மூன்றின் இடத்தில் எட்டை இட்டு அவள் அவ்வெண்ணை அழைத்தாள். எடுத்தவள் ஒரு தையற்காரி.

"காலையிலேருந்து ஓயாம அடிக்கிறாங்கம்மா. ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. மதியம் ஒருத்தர், பெரியவர் பாலத்துக்கிட்ட உக்காந்திருக்கார்னு சொன்னாரு."

"எந்தப் பாலம்? கூப்பிட்டவர் நம்பர் இருக்கா?"

"பழைய கடை போனும்மா, நம்பர் காட்டாது. எந்தப் பாலம்னு கேக்கத் தோணலையே. ஐயோ, உங்க அப்பாவா?"

ஆற்றின் குறுக்கே பாலங்கள் ஐந்து. உடன்பிறந்தார் இருவரும் ஒன்றினின்று ஒன்றுக்கு மூச்சிரைக்க ஓடினர். நான்காம் பாலத்தடியில் பூ விற்றவள் தலையசைத்தாள். "ஆமா, இங்கதான் இருந்தாரு. பொண்ணு வந்து கூட்டிட்டுப் போகும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பார்த்துப் பார்த்து, இப்பதான் எழுந்து போனாரு."

எப்பக்கம் என்று பூக்காரியும் நோக்கவில்லை. வேலை விட்டுத் திரும்புவோர் வெள்ளமெனப் பெருகிய அச்சாலைகளில், அப்பா, அப்பா என்று கூவிய மகளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் அன்று அகப்படவில்லை, பின்னர் அகப்படவேயில்லை. தமையனைக் குறைகூற அவளுக்கோ, அவளைக் குறைகூற அவனுக்கோ நாவெழவில்லை. அன்பால் ஒருவன் செய்ததையும் அழகை நாடி ஒருத்தி செய்ததையும் குற்றமெனத் தீர்த்து ஒறுத்து விடுவிப்பார் எவரும் இல்லாமையின், எதிர்ப்படும் போதெல்லாம் ஒருவர் முகம் ஒருவர் நோக்க மாட்டாது, உண்டனையோ என்று மட்டும் வினவி, அவ்விருவரும் வாழ்ந்து முதிர்ந்தனர்.