கல்லை இறக்கிய வண்டி

பின்பக்கம் வாகனம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் குணசீலன் ரிவர்ஸ் எடுத்தான். வாகனம் இல்லைதான். சாமியானா இருந்தது.

அவனைக் கெடுத்தது பக்கவாட்டுக் கண்ணாடி. நேற்று சுடுகாட்டில் தலையும் மீசையும் எடுத்திருந்தார்கள். கண்ணாடியைச் சரி செய்யப் போனவனுக்கு அதில் அப்பாவின் முகம் தெரிந்தது. கொஞ்சம் தடித்த, கொஞ்சம் முட்டாள்தனமான களை கொண்ட அப்பா. அதையே பார்த்துக்கொண்டு கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டான். வண்டியின் ஏணி பந்தல் கயிற்றில் மாட்டியது. நாலு கால்களில் இரண்டு வெட்கப்பட்டதுபோலச் சாய்ந்தன. துக்கத்துக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் சிவப்பு மஞ்சள் துணி மெதுவாக இறங்கியது.

"டேய், நிறுத்துடா! நேத்து ஒருத்தன அனுப்பியாச்சு, இன்னைக்கு எத்தன பேர அனுப்பறதா உத்தேசம்?"

துணிக்குள்ளிருந்து வந்த குரல் சின்னுசாமி சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி. டம்ளரைக் கீழே போடாமல் வெளியே வந்தார்.

"ரிவர்ஸ் கியர் கொஞ்சம் டைட்டுங்க சித்தப்பா."

"கியர் டைட்டு இல்ல, மண்டை லூசு. அந்தச் சனியனை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா? காருல போனா என்ன? மோகனூருக்கு நல்ல ரோடு. சாம்பலக் கரைச்சுட்டு வெயிலுக்கு முந்தித் திரும்பிரலாம்."

"அம்மாகிட்டச் சொல்லுங்க."

அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சௌந்திரம் அதற்குள் வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில், வாயை வெள்ளைத் துணியால் கட்டிய மண்கலயம். விடிகாலையில் பால் தெளித்து எடுத்து வந்த எலும்பும் சாம்பலும். நேற்றிலிருந்து அவள் சொன்னது இரண்டே வாக்கியங்கள். ஒன்று, "ஜேடர்பாளையத்துலதான் கரைக்கோணும்." இன்னொன்று, "இந்த வண்டியிலதான் போகோணும்."

சனியன் என்று சித்தப்பா சொன்னது ஒரு காலத்தில் அப்பா காளியப்பனின் மினி லாரி. முட்டையும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் ஓடியது. கண் மங்கி அப்பா ஓட்டுவதைக் குறைத்ததும் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றது. குணசீலன் நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். லாரிக்குப் பாடி கட்டிக் கட்டிச் சலித்துப்போன ஒரு நாள், சினிமாக்காரர்கள் வைத்திருக்கிறார்களே கேரவன், அதைப்போல ஒன்று அப்பா அம்மாவுக்குக் கட்டித் தருவது என்று முடிவு செய்தான். யாரையும் கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்த நினைப்பவர்கள் கேட்கமாட்டார்கள். லாரியின் பலகைகளை அறுத்து இறக்கி, அந்த இடத்தில் ஓர் அறையை ஏற்றினான். கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் திரை, சமையல் மேடைக்குக் கருப்புக் கிரானைட்.

பலகையை அறுத்த அன்று அப்பா மோட்டாரை நிறுத்தப் போவதாகச் சொல்லித் தோட்டத்துக்குப் போனார். மோட்டார் அன்று ஓடவே இல்லை.

எல்லாம் முடிந்து சாவியைக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன டன்னுடா வரும்?"

"உங்க கோவத்தை விடக் கம்மிதானுங்கப்பா."

அப்பா சிரிக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டினார். போன மாதம் பட்டறை வேலையாக குணசீலன் ஓசூர் போய்த் திரும்பியபோது, அந்தக் கிரானைட் மேடை பெயர்த்து எடுக்கப்பட்டு மாட்டுக்கொட்டகையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. வண்டிக்குள் சமையல் மேடை இருந்த இடத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்டூல்.

அந்தக் கல்லுக்காக அவன் ஜலகண்டாபுரம் வரை போய் அலைந்திருந்தான். ஏன் பெயர்த்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்கக் கூச்சம். அதைப் பற்றி ஜோக் மட்டும் அடித்தான். மற்றவர்களைக் கேட்டான். "மாமாவுக்கு டிசைன் பிடிக்கலியோ என்னமோ," என்றாள் மனைவி தனப்பிரியா. சித்தப்பா, "வயசானவங்க பேப்பாங்க, ஒடைப்பாங்க," என்றார். அம்மா, "இப்ப அதெல்லாம் எதுக்கு சாமி," என்றாள். அப்படியே இருக்கையில், முந்தாநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை.

பந்தலை நிமிர்த்திக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது சித்தப்பா ஜன்னலோரம் வந்தார்.

"ஜேடர்பாளையத்துக்கு நம்ம வழியில வாய்க்காப் பாலம் இருக்குது, தெரியுமல்லோ? அஞ்சு டன்னுக்கு மேல போகக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கான். இது எத்தன வரும்?"

 லாரிக்குப் பாடி கட்டிச் சோறு தின்னும் குணசீலன், தான் கட்டிய இதை ஒருமுறைகூட எடை போட்டதில்லை.

"எடை போட்டுட்டுப் போலாம்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. மூன்றாவது வாக்கியம்.

எடை மேடைக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சம் இல்லை. ஆனால் வீட்டை எடை போடும் மேடை இல்லை. முதலில் போனது ஒரு கோழித் தீவன ஆலை. வாட்ச்மேன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜன்னல் திரையையும் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது லாரிங்களா, ஊடுங்களா?"

"ரெண்டுக்கும் நடுவுலங்க."

"எங்குளுக்கு மக்காச்சோளம் வார வண்டி மட்டுந்தானுங்க."

"உள்ள கொஞ்சம் பொரி கெடக்குதுங்க. ஏத்துக்குவீங்களா?"

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். அடுத்தது ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலை. கிழங்கு சீசன் இல்லாததால் பூட்டிக் கிடந்தது. மேடையின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் எடையை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது இடத்தில் மேடை ரிப்பேர்.

ஒவ்வொரு இடத்திலும் குணசீலன் பின்னால் திரும்பிக் கண்ணாடித் தடுப்பு வழியாக அம்மாவைப் பார்த்தான். குலுங்கும்போதெல்லாம் கலயத்தைச் சுற்றி அவள் கை இறுகியது. ஒருமுறை அவள் எதிரே இருந்த வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேகத்தைக் குறைத்தான்.

பக்கத்து வேலூர் போகும் ரோட்டில், வாழைத்தார் லாரிகள் நிற்கிற வளைவில், பக்ருதீனின் எடை மேடை இருந்தது. தகரக் கூரை அறை. உள்ளே சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி. வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு பக்ருதீன் எட்டிப் பார்த்தார். வண்டியைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க. காளியப்பண்ணன் வரலீங்களா?"

குணசீலன் தன் தலையைத் தடவினான். பக்ருதீன் அதைப் பார்த்தார்.  தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்பங்க?"

"முந்தாநாளுங்க. தூக்கத்துலயே."

"இன்னா லில்லாஹி..." என்று முணுமுணுத்தார். "போன மாசங்கூட நல்லா இருந்தாரே. இதே வண்டியத்தான் கொண்டாந்தாரு."

"எந்த வண்டிய?"

"இதைத்தானுங்க. அம்மாவும் வந்திருந்தாங்களே."

குணசீலன் திரும்பினான். பின்ஜன்னல் திரை அசையவில்லை.

"அப்பா இந்த வண்டிய ஓட்டவே இல்லீங்களே," என்றான்.

"நல்லா ஓட்டுனாரு. வாழத்தார் வண்டி ரெண்டுக்கு நடுவுல ஒடிச்சு, ஒரே வீச்சுல மேடையில ஏத்துனாரு. எறங்கிக்கங்க அண்ணா, காலி எடை போடறேன்னேன். எங்க ரெண்டு பேரையும் சேத்தே போடுங்க பாய், பாலத்துல நாங்க என்ன நடந்தா போகப் போறோம்னாரு." பக்ருதீனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அஞ்சாயிரத்து நூத்து முப்பது காட்டுச்சு. அம்மாவ மட்டும் எறங்கச் சொன்னாரு. அறுபது கிலோ கொறைஞ்சுது. அப்பவும் அஞ்சு டன்னு தாண்டித்தான் இருந்துச்சு. சரி சௌந்திரம், உன்ன விட்டுட்டுப் போனாலும் பாலம் தாங்காது, ஏறுன்னாரு."

குணசீலன் ஏறி வண்டியை மேடைக்குக் கொண்டுபோனான். ஒரே வீச்சில் ஏறவில்லை. இரண்டு தடவை பின்வாங்கி, மூன்றாவது தடவையில் நாலு சக்கரமும் மேடைக்குள் வந்தன. என்ஜினை அணைத்தான்.

அறை ஜன்னல் வழியாகச் சிவப்பு எண்கள் தெரிந்தன. கொஞ்சம் தடுமாறி நின்றன. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

"தாராளமாப் போலாமுங்க," என்று பக்ருதீன் உள்ளிருந்து சொன்னார். "அப்ப நூத்தறுவது கிலோவுக்கு மேல என்னத்தயோ எறக்கியிருக்காரு."

குணசீலன் கீழே இறங்கிப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தான். அம்மா எதிர்பார்த்தவளைப்போல நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லாதேன்னாரு. சொன்னா அந்தக் கல்லப் பத்தி நீ ஒரு மாசத்துக்கு நக்கலடிப்பீன்னாரு. ஆடிப் பதினெட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி ஜேடர்பாளையம் அணைக்கட்டுல நிறுத்தி, அங்கிருந்து உனக்குப் போனடிக்கோணும்னு இருந்தாரு."

ஆடி பிறக்க இன்னும் நாளிருந்தது. ரோட்டில் ஒரு வாழைத்தார் லாரி ஹாரன் அடித்தது. மேடை காலியாவதற்காகக் காத்திருந்தது. அவன் நகரவில்லை. யாரிடமும் நேராகக் கேட்காத ஒரு கேள்வி இன்னும் மிச்சமிருந்தது.

"லாரிய அறுத்ததுல அவருக்கு எம்மேல கோவமாம்மா?"

சௌந்திரம் கலயத்தின் துணிமுடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா சாமி. கோவந்தான். நெறையக் கோவம். ராத்திரியில எந்திரிச்சுப் போயி அந்தப் பலகைக்கிட்ட நின்னுட்டு வருவாரு." கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம் ஒரு நாள் இதுக்குள்ள படுத்துப் பாத்தாரு. சாயங்காலந்தான் வெளிய வந்தாரு. அடுத்த நாளு, எடை போட்டுட்டு வரலாம் வான்னாரு."

பிறகு கையை நீட்டினாள். "எறக்கி உடு. முன்னால ஒக்காந்துக்கறேன். அன்னைக்கும் முன்னாலதான் வந்தேன்."

அவன் கலயத்தை வாங்கிக்கொண்டான். அம்மா இறங்கினாள். அறைக்குள் சிவப்பு எண்கள் குறைந்தன. அவள் முன்பக்கம் சுற்றிப் போய், கைப்பிடியைப் பற்றி, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும் மறுபடி கூடின. மேடைக்கு வெளியே தரையில் நின்றபடியே குணசீலன் கலயத்தை அவள் மடியில் வைத்தான்.

எண்கள் அசையவில்லை.

"அஞ்சு அஞ்சு கிலோவாத்தானுங்க காட்டும், அதுக்குக் கொறைஞ்சதக் காட்டாது," என்றார் பக்ருதீன்.