விமானத்தில் செத்த மச்சினன்

என் மச்சினன் தாணுலிங்கம் பிள்ளை கப்பல் வேலைக்கென்று போனபோது என் மகன் கிருஷ்ணகுமார் பிறக்கவில்லை. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. என் பெண்டாட்டி முத்தாரம்மாள் மட்டும் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றே நம்பினாள். ஓணத்துக்கு அவனுக்கும் ஒரு இலை போடுவாள். ஆடி அமாவாசைக்குத் திருவல்லத்தில் செத்தவர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலியிடும்போது அவன் பெயரைச் சொல்ல விடமாட்டாள். நான் அதில் தலையிட்டதில்லை.

கிருஷ்ணகுமாருக்கு ஒரு மெயில் வந்தது. லண்டனில் ஏதோ வங்கியாம். பிள்ளை என்ற கோடீஸ்வரன் விமான விபத்தில் செத்தானாம், வாரிசு இல்லையாம். அதே பெயருள்ளவர் கட்டணம் அனுப்பினால் சொத்து வருமாம்.

"மாமாவாக்கும்," என்றான்.

"ஏலே, பிள்ளைன்னா அது ஒரு பேரா? சாலைக் கடைத்தெருவுல நின்னு பிள்ளேன்னு கூப்பிடு. பாதிக் கடை திரும்பிப் பாக்கும்."

"அப்பாவுக்கு இதொண்ணும் மனசிலாகாது."

கட்டினான். மறுபடியும் கேட்டார்கள். தாயின் சங்கிலிக்கு வந்தான். அண்ணன் இருக்கும்போது அவன் சொத்து எனக்கெதற்கு என்றாள்.

"ஒரு பலிகூட இல்லாம மாமா அலையுதாரு அம்மே," என்றான், மாமனின் முகத்தைக்கூடப் பார்க்காதவன்.

அதில்தான் அவள் விழுந்தாள். ஒருவேளைச் சோறுண்டு நோன்பிருந்தாள். திருவல்லத்து ஆற்றங்கரையில் ஈரப்புடவையோடு அண்ணன் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைத்தாள். வீட்டுக்கு வந்து சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து, கரமனை அக்ரகாரத்து ஹரிநாராயணன் பஸ் ஸ்டாப்பில் போனைக் காட்டிச் சிரித்தார்.

"ஓய், பேருக்குப் பின்னால அய்யர்னு போட்டதுக்கு இப்பத்தான் பலன். யாரோ ஒரு அய்யர் பிளேன்ல போயிட்டாராம். நான்தான் வாரிசாம்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முழுக்கப் படித்துச் சொல்லச் சொன்னேன். அதே வங்கி, அதே விமானம்.

வீட்டில் வந்து சொன்னேன்.

"போனது போட்டும்ப்பா. வேற வாங்கிக் குடுக்கலாம்," என்றான் மகன். சங்கிலியைச் சொல்கிறான்.

முத்தாரம்மாள் என்னிடம் கேட்டாள். "அப்பம் அண்ணன் சாகல்லியா?"

"ஆருக்குத் தெரியும்."

"நான் பலி வச்சிட்டேனே."

ஓணத்தன்று வழக்கம்போல அண்ணனுக்கும் இலை போட்டாள். சோற்றுக் கரண்டியோடு அதன் முன் நின்றாள். பிண்டம் வாங்கியவனுக்கு வீட்டில் பரிமாறலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மே, பருப்பு," என்றான் கிருஷ்ணகுமார், பப்படத்தை நொறுக்கிக்கொண்டு.

கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கினேன். மச்சினன் இலையில் சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டேன்.

"நீ எழும்பிப் போய் எடுத்துப் போட்டுத் தின்னுலே," என்றேன்.