ஒரு சத வாசர்

சாந்தரூபன் தன் போனில் மூன்றாவது படத்தையும் காட்டியபோது எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் திரும்பி, தலைமன்னார் வீதியோரம் கராஜ் போட்டு மூன்று வருடம். ஓட்டோக்களுக்கு கிளச் வயர் மாற்றியதும் தண்ணீர்ப் பம்புகளைக் கழற்றிப் பூட்டியதும் தவிர நான் வேறு வேலை கண்டதில்லை. கருவாட்டு நாற்றத்துக்கும் கழுதைக் கூட்டத்துக்கும் நடுவில் ஒருவன் கனடாவிலிருந்து வந்து, தகப்பனின், சிவப்பு வர்ணம் பூசிய பழைய ஏ ஃபோட்டி காரை நிறுத்தி, இதற்கு சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்கிறான். கை அரிக்காதா?

“நானா, ரூட்ஸோ, ருவின் ஸ்குரூவோ, சென்ரிபியூகலோ? நெற்றில ஆளுக்கொரு கதை சொல்லுறாங்கள்.” முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மூண்டும் செய்யிறது ஒண்டுதான் தம்பி. எஞ்சின் தானா இழுக்கிற காத்துக் காணாதெண்டு மேல போட்டுத் திணிக்கிறது.”

பிறகு நான் நிறுத்தவில்லை. சென்ரிபியூகல் காற்றாடி மாதிரி, வெறிகொண்டு சுற்றினால்தான் தள்ளும். இந்தக் கிழட்டு எஞ்சினுக்கு அந்த ஓட்டம் வராது. ஸ்குரூ காற்றை உள்ளேயே நெரித்து, அதிகம் சூடேறாமல் அனுப்பும், ஆனால் இங்கே யாரிடம் கிடைக்கும்? ரூட்ஸ் முரட்டுச் சாமான், காற்றைச் சூடாக்கும், ஆனால் கால் வைத்த உடனே இழுக்கும். கொழும்பில், பஞ்சிகாவத்தையில், பழைய ஜப்பான் வான் வண்டியிலிருந்து கழற்றியது எடுக்கலாம். இப்படியே அளந்துகொண்டு போனேன். என் குரல் எனக்கே இளமையாகக் கேட்டது.

அவனுடைய தகப்பன் இராசேந்திரம் நிழலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். உயிலங்குளத்திலிருந்து வந்தவர். தேத்தண்ணி கொடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி எந்தப் பக்கம்?”

“எருக்கலம்பிட்டி.”

தீவில் முஸ்லிம்களின் ஊர் அது. அவர் தேத்தண்ணியை நிலத்தில் வைத்தார். பிறகு அதைத் தொடவேயில்லை.

சூப்பர்சார்ஜர் ஏற்றுமுன் எஞ்சின் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய ஒயிலை இறக்கினால் அதில் இரும்புத் தூள் கிடக்கிறதா என்று தெரியும். நான் காருக்கு அடியில் சரிந்தேன். மேலே சாந்தரூபன் பொனற்றைத் தட்டிக்கொண்டு சொன்னான்.

“அப்பா தொண்ணூறில இத எடுக்கேக்க ஒரு சைக்கிள் விலைதானாம். உங்கட ஆக்கள் போன நேரம் எல்லாம் மலிவாம், நானா.”

சிரித்தும் விட்டான். ஏசுகிறவனாக இருந்தால் திருப்பி ஏசலாம். இவன் வானிலை சொல்வதுபோலச் சொன்னான். போனோமாம்! ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர்கள், தீவை விட்டு ஒரு முஸ்லிம்கூட மிச்சமில்லாமல் வெளிக்கிட வேண்டும் என்று சொல்லி, கரையில் மேசை போட்டு வாகனத் திறப்புச் சாவிகளை வாங்கிக்கொண்டு, வள்ளத்தில் ஏற்றி அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் சாம்பல் நிற ஏ ஃபோட்டியின் திறப்பை வாப்பா அந்த மேசையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாயில் வந்த எச்சிலை விழுங்கிக்கொண்டு ஒயில் தொட்டியின் அடைப்பைக் கழற்றினேன். கறுப்பு ஒயில் தட்டத்தில் விழுந்தது. அடைப்போடு சேர்ந்து, ஒழுகாமல் இருக்க இடையில் போடும் வாசரும் கையில் வந்தது. துணியால் துடைத்தேன். பழைய ஒரு சதக் காசு. செம்பு. நடுவில் இருக்க வேண்டிய துளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அந்தத் துளையைப் போட்டவன் நான். சாமான் கிடைக்காத அந்த வருடம் வாப்பா காசை நெருப்பில் காய்ச்சித் தந்தார். நான் துரப்பணத்தைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன். பிடரியில் ஒரு அடி விழுந்தது. “ஒரு நாளைக்கு ஒழுகும் பார்” என்றார். புத்தளத்து ஓலைக் குடிலில் படுக்கையில் கிடந்தபோதும் கேட்பார், “மர்சூக், அந்த வாசர் இப்ப ஒழுகுமோ?”

ஒழுகவில்லை வாப்பா. இருபத்திரண்டு வருடம் இவர்களுக்காக ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

“நானா, கொழும்புக்குச் சொல்லட்டோ? எது?”

“ரூட்ஸ்” என்றது என் வாய்.

அவன்மேல் இருந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் பெரிது. வாப்பாவின் கார் என்று தெரிந்த பிறகும் என் கைகள் அந்த எஞ்சினில் பெல்ற் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தன.

அவன் போனோடு வீதிக்குப் போனதும் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கிழவரின் முன் காசை நீட்டினேன்.

“ஐயா, இது எங்கட வாப்பா போட்டது. சரிபுதீன். இது அவர்ர கார்.”

அவர் காசைப் பார்க்கவில்லை.

“வாங்கேக்க ஆரின்ர கார் எண்டு நான் கேக்கேல்ல, தம்பி.”

நல்ல காரியம் ஒன்றைச் செய்தவர் மாதிரி அதைச் சொன்னார்.

“கேட்டிருந்தா?”

கிழவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதற்குள் சாந்தரூபன் வந்துவிட்டான்.

“என்னது, பழைய காசோ? எறிஞ்சு போடாதீங்கோ நானா. கழுவித் தாங்கோ, கொண்டு போறன். அப்பான்ர காரின்ர ஞாபகமா வச்சிருக்கலாம்.”

அவன் கையை நீட்டினான். நகம் வெட்டிய, சுத்தமான கை. நான் விரல்களை மூடினேன். அவன் கை அப்படியே நீண்டிருந்தது. என் விரலிடுக்கால் கறுப்பு ஒயில் கசிந்து மணலில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.