வலது மூலைக் கட்டை

படூர் பக்கத்து மால் ஒன்றின் மூணாவது மாடியில் பௌலிங் ஆடுகிற கூடம் இருக்கிறது. ரூத்துக்கு அங்கே எட்டு மாசமாக வேலை. ஆனால் ஆட வருகிறவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பந்து உருண்டுபோய்ப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிறதே, அந்தக் கட்டைகளுக்கு அந்தண்டை, மிஷின் சந்துக்குள் அவளும் கூட வேலை பார்க்கிற துரையும் நிற்பார்கள். விழுந்ததை மிஷின் வாரியெடுத்து மறுபடி நிறுத்தும். சிக்கிக்கொண்டால் இவர்கள் கைவிட்டு எடுக்க வேண்டும்.

நாள் முழுக்க அந்தத் தடதடப்பைக் கேட்டுக் கேட்டு அவள் காதுக்குள் ஒரு ரீங்காரம் குடியேறிவிட்டது. மகள் ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னும் ஆறு மாசம் அதே இடத்தில் நின்றால் போன காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து முன்பக்கத்தில், ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொள்கிற வேலையில், ஓர் இடம் காலியானது. மேனேஜர் ஜெயகிருஷ்ணனிடம் போய் நின்றாள். சனிக்கிழமை ஒரு கம்பெனி டீம் வருகிறது, அவர்கள் பந்து உருட்டுகிற ஆறாம் லேனைத் தப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் அந்த இடம் உனக்கு, குளறினால் பழைய சந்துதான் என்றார்.

ஒரு வாரம் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்தாள், பாவம். புருஷன் ஏசுதாஸ் ஆட்டத்தின் விதிகள் அச்சிட்ட சார்ட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான். ஒரே பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். மிச்சத்தை இரண்டாம் பந்தில் சாய்த்தால் ஸ்பேர். ஓரத்துப் பள்ளத்தில் பந்து இறங்கினால் கட்டர். தொடர்ந்து மூணு ஸ்ட்ரைக் போட்டால் டர்க்கி, அப்படின்னா வான்கோழி என்று அவள் சொன்னதும், "பிரியாணி குடுப்பாங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். கட்டைகளுக்கு நம்பரும் உண்டு. ஆடுகிறவரின் எதிரே முதலில் நிற்பது ஒன்று. கடைசி வரிசையில் இடது மூலை ஏழு, வலது மூலை பத்து.

சனிக்கிழமை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசிச் சுற்றில் விஷாகா என்ற பெண் முதல் பந்தில் ஒன்பதைச் சாய்த்தாள். வலது மூலைக் கட்டை மட்டும் நின்றது. அதையும் தட்டிவிட்டால் அவள் டீமுக்கு ஜெயம். அந்த நேரம் பார்த்து மிஷினின் கை உரசி, நின்ற கட்டையும் விழுந்துவிட்டது. மிஷின் தள்ளிய கட்டையைத் திரும்ப நிறுத்த வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். ரூத் மிஷினை நிறுத்திவிட்டு வாக்கி-டாக்கியில் சந்துக்குள் இருந்த துரையைக் கூப்பிட்டாள்.

"அண்ணாத்த, ஏழு வுயுந்துடுச்சு. நிறுத்து."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சார்ட்டில் அது பத்து. பின்னாலேயே நின்ற ஜெயகிருஷ்ணன் வாக்கி-டாக்கியைப் பிடுங்கி, ஏழு இல்லை, பத்தை வை என்றார்.

வலது மூலையில் கட்டையை வைத்திருந்த துரையின் கை, அதை எடுத்து இடது மூலையில் வைத்தது. விஷாகா முகத்தைச் சுளித்தாள், அது அந்த மூலையில் இல்லையே என்றாள். மேனேஜர் மறுபடியும் பத்து, பத்து என்றார். "பத்துலதான் சார் வெச்சிகிறேன்" என்று துரை எரிச்சலோடு பதில் சொன்னான்.

ரூத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவளும் துரையும் அந்தப் பக்கம், ஆடுகிறவரைப் பார்த்தபடி நிற்கிறவர்கள். ஆடுகிறவருக்கு வலது இவர்களுக்கு இடது. அந்த இடது கைப் பக்கமிருந்துதான் ஏழு, எட்டு என்று எண்ணிப் பழகினார்கள். சந்துக்குள் யாரும் சார்ட்டைக் கொண்டுவந்து காட்டியதில்லை. சார்ட்டின் பத்து, துரைக்கு ஏழு.

வாயை மூடிக்கொண்டு மேனேஜர் சொன்னதுதான் சரி என்று நின்றிருக்கலாம். அவள் கையை நீட்டி வாக்கி-டாக்கியைக் கேட்டு வாங்கினாள்.

"அண்ணாத்த, மொதல்ல வெச்ச எடத்துலயே வை. நம்ம ஏழு."

கட்டை வலது மூலைக்கு வந்தது. மிஷின் ஓடியது. விஷாகாவின் பந்து ஓரமாகவே உருண்டுபோய் அதைச் சாய்த்தது.

கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, ஜெயகிருஷ்ணன் ரூத்தை ஓரமாகக் கூப்பிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தாள். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் நேராகச் சந்துக்குள் போனார். மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்று விரலை நீட்டி எண்ணிப் பார்த்தது கட்டைகளின் இடுக்கு வழியே தெரிந்தது.

திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது.

"போன மாசம் ரெண்டு தரம் கட்டையை மாத்தி வெச்சுட்டான்னு துரையைத் திட்டினேன். ரெண்டு தரமும் நான்தான் தப்பு. உள்ள போய் அவன்கிட்ட சொல்லிட்டேன். நீ திங்கக்கிழமையிலேர்ந்து முன்னாலதான்."

"துரைக்கும் காதுக்கு மூடி வேணும் சார்" என்றாள் ரூத். வாங்கித் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் பந்து வைக்கிற ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துரை சந்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "இன்னா ரூத்து, நாஸ்தா துன்னியா இல்லியா?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் தன் டப்பாவிலிருந்த இட்லியில் பாதியை மூடியில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். அவள் சாப்பிட்டாள்.