முப்பத்து மூவாயிரம் ரூபாய்க் கவுன்

ஆஷிகாவுக்கும் கிறிஸ்டோவுக்கும் கல்யாணம் நிச்சயமான அன்று, இரு வீட்டாரும் துணி விஷயத்தில் மட்டும் கறாராகப் பேசினார்கள். பெண்ணுக்குக் கல்யாண உடை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு பெண் வீட்டார் எடுப்பது என்பது அவர்கள் சபையில் காலங்காலமாக நடக்கிற முறை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த கிறிஸ்டோவின் அம்மா தங்கபாய், வெள்ளைப் பட்டுச் சேலைக்குப் பதினெட்டாயிரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் கோட்டுக்கும் அதே பதினெட்டாயிரம் என்றார் ராஜபாளையத்துக்காரரான பெண்ணின் அப்பா வேதசிரோமணி. இருவரும் துணையை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளை வளர்த்தவர்கள். யாருக்கும் யாரும் குறைந்துவிடக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

ஆஷிகா காப்பித் தட்டோடு நின்றாள். அவளுக்கு நூற்பாலை ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்க நூலின் முறுக்கையும் உறுதியையும் சோதிக்கிறவளுக்குச் சேலையின் அருமை தெரியாமல் இல்லை. ஆனால் மதுரையில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த வெள்ளைக் கவுன் ஒன்று மூன்று மாதமாக அவள் போனில் படமாக இருந்தது. தோள்வரை பூவேலை, இடுப்புக்குக் கீழே குடை மாதிரி விரியும் பாவாடை. விலை முப்பத்து மூவாயிரம்.

அந்தப் படத்தை அவள் கிறிஸ்டோவுக்கு மட்டும் அனுப்பினாள். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசிலைத் தவிர வேறு எதுவும் தொங்கி அவனுக்குப் பழக்கமில்லை. கோட்டு என்றாலே வேர்த்தது. பதினெட்டாயிரத்துக்குக் கோட்டு எடுப்பதைவிட எட்டாயிரத்துக்கு எடுத்துவிட்டு மிச்சத்தில் மூணாறு போய் வரலாம் என்பது அவன் எண்ணம். பிளவக்கல் அணையைத் தாண்டி எந்த மலைப்பக்கமும் சுற்றிப் பார்த்தறியாதவன் அவன்.

இரண்டு ஆசைகளும் சேர்ந்து ஒரு திட்டம் ஆனது. திட்டம் ஆஷிகாவுடையது.

முதலில் அவள் அப்பாவிடம், சேலைக்கு இருபத்திரண்டாயிரம் என்று அத்தை வீட்டில் பேசிக்கொள்வதாக, ஏதோ தற்செயலாகக் காதில் விழுந்தது போலச் சொன்னாள். வேதசிரோமணி பட்டாளத்தில் ஸ்டோர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். செத்த நேரம் மீசையைத் தடவிவிட்டு, கோட்டுக்கு இருபத்தி நாலு என்றார். அன்று மாலையே கிறிஸ்டோ அந்த இருபத்தி நாலைத் தன் அம்மாவின் காதில் போட்டான். மறுநாள் காலையில் தங்கபாய், சேலை இருபத்தேழு என்று அறிவித்தார்.

இப்படியே பத்து நாளில் தொகை முப்பத்து மூன்றைத் தொட்டது. இனி கிறிஸ்டோ அம்மாவிடம், இந்தப் பணத்துக்கு நல்ல கவுனே வருமே என்று மெல்ல ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. இருவரும் போனில் சிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் தொகை அங்கே நிற்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாமலே வேதசிரோமணி ஒரு நாள் சாப்பிடும்போது, சம்பந்தியம்மா முப்பத்து மூன்று போட்டால் நாம் நாற்பதாவது போட வேண்டாமா என்றார். மறுநாள் தன் பழைய ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், விற்றால் என்ன போகும் என்று கேட்டிருக்கிறார். மெக்கானிக் முத்துப்பாண்டி ஆஷிகாவை வழியில் பார்த்து அதைச் சொன்னார். அந்த ஸ்கூட்டரில்தான் அவளைக் கல்லூரி முடியும்வரை கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வேதசிரோமணி சனிக்கிழமையே கிளம்பிவிட்டார். கண்ணால் பார்க்காத சரக்குக்கு அவர் பட்டாளத்தில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. முப்பத்து மூவாயிரம் ரூபாய்ச் சேலை எப்படியிருக்கும் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கோட்டு வாங்குவது என்று, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுகிற சாக்கில் ஸ்கூட்டரிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினார்.

தங்கபாய் மம்சாபுரம் பக்கம் முப்பது வருடம் கிராம செவிலியராக இருந்தவர். சம்பந்தி சேலையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னும் எடுக்கலையே அண்ணாச்சி. நீங்க கோட்டு நாப்பதுக்கா அம்பதுக்கான்னு முடிவு பண்ணட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன். நீங்கதான் ஏத்திக்கிட்டே போறிய.”

“நானா? மொதல்ல இருபத்திரண்டுன்னது நீங்கல்லா?”

தங்கபாய் எழுந்து போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தொகையும் காதில் விழுந்த தேதியைக் குறித்து வைத்திருந்தார். தடுப்பூசி போட்ட கையின் பழக்கம். பதினெட்டுக்குப் பிறகு அவர் கேள்விப்பட்ட முதல் தொகை இருபத்தி நாலுதான். இருபத்திரண்டு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை.

வேதசிரோமணிக்கு முகம் சிவந்தது. இப்போதே போனைப் போட்டு மகளைக் கேட்கிறேன் என்று எழுந்தவரை உட்காரச் சொன்னார் தங்கபாய். ஊசிக்குப் பயந்து ஏற்கெனவே போட்டாச்சு என்று பொய் சொன்ன பிள்ளைகளை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். அதட்டினால் ஓடிவிடும். கண்டுகொள்ளாமல் இருந்தால் தானாகவே வந்து கையை நீட்டும் என்றார். பிறகு இருவரும் இன்னொரு காப்பி குடித்தார்கள். வேதசிரோமணி கிளம்பும்போது மீசைக்குள் சிரித்துக்கொண்டே போனதாகப் பக்கத்து வீட்டில் பிற்பாடு சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆஷிகா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் வேதசிரோமணி, கோட்டுக்கு ஒரு லட்சம் என்று தீர்மானித்துவிட்டதாகவும், ஸ்கூட்டரோடு வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் இரண்டு சென்ட் நிலத்துக்கும் ஆள் பார்ப்பதாகவும் அமைதியாகச் சொன்னார். தொகை இவ்வளவு ஏறிய பிறகு உண்மையைச் சொல்ல ஆஷிகாவுக்குத் துணிவு வரவில்லை. அதே நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாய் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் எடை பார்த்தபடி, சேலை எழுபத்தைந்தாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற்றியவர்கள் இப்போது இறக்கப் பாடுபட்டார்கள். கோட்டுக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறார்களாம், மாமா ஒன்பதாயிரத்துக்கே முடித்துவிட்டாராம் என்றான் கிறிஸ்டோ. தங்கபாய் பதறினார். பாவம், அண்ணாச்சிக்கு என்ன கஷ்டமோ, அப்படியானால் கோட்டையும் நானே எடுத்துவிடுகிறேன் என்றார். அத்தை பதினாலாயிரத்துக்குச் சேலையை எடுத்துவிட்டார்கள் என்றாள் ஆஷிகா. நம் பெண்ணைக் குறைத்து எடை போட்டுவிட்டார்களா, ஒன்றேகால் லட்சமாக்கிக் காட்டுகிறேன் என்றார் வேதசிரோமணி. எது சொன்னாலும் ஏறியது. கிறிஸ்டோ வகுப்பில் விசில் ஊத வேண்டிய நேரத்தில் ஊதாமல் நின்றதில், ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகள் ஒரு சுற்று அதிகமாக ஓடினார்கள்.

ஒன்பதாம் நாள் ஆஷிகா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கிறிஸ்டோவிடம்கூடச் சொல்லவில்லை. ஆரம்பித்தது தான் என்பதால் அத்தையிடம் தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்பாவிடம் சொல்வதைவிட இது கஷ்டம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

தங்கபாய் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆஷிகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கவுன் படம், இருபத்திரண்டு என்ற முதல் பொய், மூணாறு, ஒன்றையும் விடவில்லை. கிறிஸ்டோ மேல் பழியைப் போடவும் இல்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள், வெங்காயமும் சேர்ந்துகொண்டது. தங்கபாய் கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

“தெரியும் தாயி. உங்கப்பா போன சனிக்கிழமைக்கு முந்துன சனிக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாவ.”

ஆஷிகாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. ஒன்பது நாளாகத் தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, இரண்டு கிலோ குறைந்துவிட்டேன் என்றாள்.

“நல்லதாப் போச்சு. கவுன் கச்சிதமா இருக்கும்” என்றார் தங்கபாய்.

ஆஷிகா அவரையே பார்த்தாள். கவுன் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா முடியாதுன்னு சொல்லிருப்பீய அத்தை.”

தங்கபாய் யோசித்தார். “ஆமா. சொல்லிருப்பேன்” என்றார். பிறகு மிச்ச வெங்காயத்தை அவளிடம் தள்ளிவிட்டு, மகனுக்குப் போன் போட்டு, பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வரச் சொன்னார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. கிறிஸ்டோ வாசலில் ஆஷிகாவின் செருப்பைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நடந்ததையும், தெருமுனையில், தங்கபாய் போனில் கூப்பிட்டதால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த வேதசிரோமணி அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதையும் அந்தத் தெருவே பார்த்தது.

அன்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வீட்டுப் பதினெட்டும் சேர்ந்து முப்பத்தாறு. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அதற்குள் இரண்டு உடையையும் பிள்ளைகளே திட்டம்போட்டு முடிக்க வேண்டும். கிறிஸ்டோ உடனே கோட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். ராஜபாளையத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கிறதாம். மருமகன் வாடகைக் கோட்டில் நிற்பதா என்று வேதசிரோமணி கொஞ்சம் முரண்டினார். அரை நாள் போட்டுக் கழற்றுகிறதற்கு எதற்கு மாமா என்று அவன் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தார். கவுனுக்கு முப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு மிஞ்சியது.

மதுரைக் கடைக்கு நான்கு பேருமாகப் போனார்கள். கவுன் இன்னும் அங்கேயேதான் இருந்தது. ஆனால் தலையில் போடும் நெட்டு அதில் சேராது, அது தனியாக மூவாயிரத்து ஐந்நூறு என்றார் கடைக்காரர். ஆஷிகா நெட்டுத் துணியை விரலிடையே உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். தங்கபாய், காலாவதித் தேதி பார்க்கிற கவனத்தோடு கவுனின் உள்தையல் முழுவதையும் புரட்டினார். பிறகு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் தர முடியாது என்றார். கடைக்காரர் தலையாட்டினார்.

அப்போது வேதசிரோமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எம் பொண்ணுக்கு ஒரு நெட்டு வாங்கித் தர ஏலாத வீட்ல அவ வாழ வேண்டாம். ஏட்டி ஆஷி, கெளம்பு. சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சா வாசிச்சதோட இருக்கட்டும்.”

ஆஷிகாவும் கிறிஸ்டோவும் நிஜமாகவே வெலவெலத்துப் போனார்கள். தங்கபாயும் பையைத் தூக்கித் தோளில் போட்டார். போறவிய போகட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கடைக்காரர் வயதானவர், பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர். இருவருக்கும் நடுவே வந்து நின்று குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். ஒரு நெட்டுக்காக இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள் என்று மன்றாடினார். கடைசியில் நெட்டையும் சேர்த்து முப்பதாயிரத்துக்கே பில் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஜோடியாக வந்து படம் காட்ட வேண்டும் என்று கிறிஸ்டோவின் தோளைத் தட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவே ஆஷிகாவுக்கு வெட்கமாக இருந்தது.

படியிறங்கும்போது தங்கபாய் திரும்பினார். “அண்ணாச்சி, எந்திரிச்சது கொஞ்சம் முந்திட்டீய. செத்த நேரம் பொறுத்திருந்தா இருபத்தெட்டுக்கு முடிச்சிருப்பேன்.”

மிச்சமிருந்த மூவாயிரத்து ஐந்நூறு மூணாறுக்கா என்று கிறிஸ்டோ கேட்டுப் பார்த்தான். அது கவுனுக்குத் தக்க செருப்புக்கும் அவனுடைய பூட்சுக்கும் போனது.

கல்யாணம் ராஜபாளையத்தில், அக்டோபர் கடைசியில். முந்தின நாள் மேற்கு மலையில் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. கார் நிற்கிற இடத்திலிருந்து சர்ச் வாசலுக்கு முப்பது தப்படி இருக்கும். அவ்வளவும் செம்மண் சகதி. காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்த ஆஷிகா, விரிந்து புரளும் வெள்ளைப் பாவாடையையும் சகதியையும் மாறி மாறிப் பார்த்தாள். வேதசிரோமணி ஒரு கையில் குடையும் மறுகையில் மகளின் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கபாய் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. புதுச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுச் சகதியில் இறங்கினார். குனிந்து கவுனின் கீழ்விளிம்பைச் சுற்றிலும் வாரி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தார். மாப்பிள்ளையின் அம்மா இப்படி வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்து வாசலில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் இடித்துக்கொண்டார்கள்.

ஆஷிகாவுக்குக் கூச்சமாக இருந்தது. தலையைத் திருப்பி, “நீங்க விடுங்க அத்தை, நான் பிடிச்சுக்கிடுதேன்” என்றாள்.

“முன்னாடி பாத்து நட தாயி” என்றார் தங்கபாய். “வழுக்கும்.”

மூவரும் மெதுவாக நடந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக ஆஷிகாவுக்குக் கிறிஸ்டோ தெரிந்தான். ஒரு விரற்கடை குட்டையாகிப் போன கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவன், அவள் வருவதைப் பார்த்ததும் இழுப்பதை மறந்து நின்றான்.