கேப்டனுக்கு எத்தனை பாயிண்ட்

விதியை எழுதியதே லோகேஸ்வரன்தான். தேர்வு ஆட்டத்தின் நடுவே நெட் லைன் போனால் சைபர். காரணம் கேட்கப்படாது, மறு ஆட்டமும் கிடையாது. காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அறுபது பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுக் குழுவுக்கு அவன்தான் அட்மின். அடுத்த சனிக்கிழமை சென்னையில் போட்டி. நான்கு பேர் போகலாம்.

முசரவாக்கத்தில் கரண்ட் போய், குழுவில் ஆடும் பிரேம்நாத்துக்கு லைன் அறுந்தபோது, "ரூல்னா ரூல்தான்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஆடிக்கொண்டே வந்த கிரேஸுக்குச் சுங்குவார்சத்திரம் தாண்டியதும் நெட் போனது. கிரேஸ் அவன் மனைவி. அவள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் முதலில் மனசைப் பறிகொடுத்தான். அவளுக்கும் சைபர் போட்டான். போட மனசு வரவில்லை. போட்ட பிறகு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சமாதானம் செய்யப் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"கோவமா?"

"எதுக்கு? பிரேம்நாத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? சைபர் சரிதான்." கிரேஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். "உனக்கு எவ்ளோ பாயிண்டுப்பா?"

"எனக்கா?"

"லிஸ்ட்ல மொத பேரு உன்னுதுதான் இருக்குது. நீ எந்த ட்ரையல்ல ஆடுன?"

"நான் கேப்டன்மா. குரூப்ப ஆரம்பிச்சதே நான்தான்."

"அது தெரியும். பாயிண்டு கேட்டேன்."

பிய்த்த பரோட்டாவைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தான். மூன்று இடத்துக்கு ஊரையே அடித்துக்கொள்ள விட்டுவிட்டு, நான்காவதில் தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது அந்த நியாயஸ்தன் கண்ணில் அதுவரை படவே இல்லை. கள்ளத்தனம் ஒன்றுமில்லை, அது தன் இடம் என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான். மூன்று வருஷமாக அந்தப் போட்டிக்கு ஆசைப்பட்டுக் கிடந்தவன். முதலில் அவள் மேல் கோபம் வந்தது. கை கழுவி வருவதற்குள் அது தன் மேலேயே திரும்பிவிட்டது.

குழுவில் எழுதினான்: "என் இடம் காலி. ஞாயித்துக்கிழமை காலைல ஒரே ஆட்டம். லைன் போனவங்களையும் சேர்த்து யாரு வேணாலும் வரலாம். நானும் வரேன். கடைசியா நிக்கிறவர் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் இறங்கினார்கள். கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில், ஒருவர் திரையை ஒருவர் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்று பேர்தான் மிச்சம்: பிரேம்நாத், கிரேஸ், அவன்.

திரையில், இடிந்த சுவர் ஒன்றின் பின்னால் கிரேஸ் குந்தியிருந்தாள். அவனுடைய குறி நேராக அவள் தலைமேல் இருந்தது. சுடாமல் நகர்ந்துபோனால் ஒருவருக்கும் தெரியாது. அவள் எவ்வளவு ஆசையாகச் சனிக்கிழமைக்கு லீவு சொல்லி வைத்திருந்தாள் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். குறியை ஒரு தடவை விலக்கினான், திரும்பக் கொண்டுவந்தான். பிறகு சுட்டான்.

 கட்டிலில் அவள் முதுகு மெல்ல வந்து அவன் முதுகில் சாய்ந்தது.

"பிரேம்நாத் இருக்கான். பாத்து ஆடு" என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கித் திரை மங்கியது. அடுத்த நிமிஷமே பிரேம்நாத் அவனைச் சாய்த்துவிட்டான்.

பட்டியலில் தன் பெயரை அழித்து, பிரேம்நாத் பெயரை எழுதிக் குழுவில் போட்டான். போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"வருத்தமா இருக்குதா?"

"ரொம்ப" என்றான். "உன்ன வேற சுட்டுட்டேன்மா."

"நீ என்னப் பாத்துட்டன்னு எனக்குத் தெரியும். எங்க சுடாம விட்டுடப் போறியோன்னுதான் பயந்துக்கினே இருந்தேன்."